மதுரைக்கு அனுப்பப்பட்டவர்கள்

சிவகாசியில் தனியார் மருத்துவமனை நடத்தும் அண்ணாச்சி ஒருவர், தன்னிடம் வேலை பார்க்கும் வயதான மருத்துவர் ஒருவரையும் பெண் மருத்துவர் ஒருவரையும் மதிப்பிட ஒரு முறை வகுத்துத் தரும்படி என்னைக் கேட்டார். நான் விருதுநகரில் மருத்துவம் பார்க்கிறேன். காப்பி வருவதற்கு முன்பே அவர் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"தீக்காயத்துல பெரியவர் கையில சாவு கொறச்சல். அந்தம்மா கையில கூடுதல். அத மொறையா எழுதிக் குடுத்தீகன்னா போதும்."

முடிவை எடுத்துவிட்டு என் கையெழுத்தைத் தேடுகிறார் என்று தோன்றியது. கொஞ்ச நாள் கூட இருந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன் என்றேன்.

தீபாவளி சீசன். பெரியவர் நோயாளிகளிடம் அத்தனை கனிவாகப் பேசினார். நான் பார்க்கிறேன் என்பதற்காகப் பேசுகிறாரோ என்று திரைக்கு வெளியே நின்று ஒட்டுக்கேட்டேன். அதே கனிவுதான். ஆனாலும் சந்தேகம் போகவில்லை. அந்தப் பெண் மருத்துவரோ என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"என்னைய வெளிய அனுப்பத்தான வந்திருக்கீக? உக்காந்து நல்லாப் பாருங்க சார்."

ஒரு மதியம், பட்டாசு ஆலையில் வெந்துபோன ஒருவரை அவர் மனைவி ஆட்டோவில் கொண்டுவந்தார். பெரியவர் பார்த்த உடனே, "மதுரைக்குக் கொண்டு போயிருங்க" என்றார். பெண் மருத்துவர் குறுக்கே வந்தார்.

"தொண்ட வீங்குது சார். வழியில திருமங்கலம் தாண்டமாட்டாரு. மொதல்ல மூச்சுக்குக் குழாயப் போடுவோம்."

அவரே குழாய் போட்டார், அவரே பக்கத்தில் இருந்தார். மறுநாள் சாயங்காலம் அந்த மனிதர் இறந்துபோனார். அந்தச் சாவு பெண் மருத்துவர் கணக்கில் ஏறியது. மதுரைக்குப் போகும் வழியில் இறந்திருந்தால் யார் கணக்கிலும் ஏறியிருக்காது.

பெரியவரின் நல்ல பெயர் எப்படி வந்தது என்று புரிந்துவிட்டதாக நினைத்து, அவர் அறைக்குப் போனேன்.

"நீங்க மதுரைக்கு அனுப்பினவங்க எல்லாம் என்ன ஆனாங்க?"

"தெரியாது" என்றார், கோபப்படாமல். "ஆனா குழாயப் போட்டுப் பாத்துக்க இங்கன மயக்க மருந்து டாக்டர் கெடையாது. நான் சொன்னப்பவே அனுப்பியிருந்தா அவரு பொழச்சிருக்கலாம். இல்லன்னு உங்களால சொல்ல முடியுமா?"

அன்றிரவே மதிப்பீட்டு முறையை எழுத உட்கார்ந்தேன்.

வந்து சேரும்போது காயம் எவ்வளவு கடுமை என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெளியே அனுப்பப்பட்ட நோயாளிகள் என்ன ஆனார்கள் என்பதையும் விசாரித்து, அனுப்பிய மருத்துவர் கணக்கில் சேர்க்க வேண்டும். மருத்துவமனையில் இல்லாத வசதிக்கு மருத்துவரைக் குறை சொல்லக் கூடாது. இப்படி எழுதிக் கொடுத்தேன். அண்ணாச்சி மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டதே எனக்கு உறுத்தலாக இருந்தது.

பொங்கல் கழிந்து அவரே போன் செய்தார்.

"விசாரிச்சாச்சு. பெரியவர் அனுப்புன அம்புட்டுப் பேரும் நல்லா இருக்காக."

"யார் விசாரிச்சது அண்ணாச்சி?"

"பெரியவர்தான்."

முகவரிகளை வாங்கிக்கொண்டு நானே கிளம்பினேன். சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில் முதல் வீட்டில், காயம்பட்டவரே கதவைத் திறந்தார். தழும்பேறிய கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த டாக்டரு அன்னைக்கே அனுப்பலன்னா நான் இல்ல சார்" என்றார். அடுத்த தெருவில் இன்னொரு வீடு. கணவரைப் பற்றிக் கேட்டதும் அந்தப் பெண் கதவைப் பாதி சாத்திக்கொண்டார்.

"அவுக வழியிலயே போயிட்டாக. இம்புட்டு நாள் கழிச்சு எதுக்குக் கேக்கீக? பட்டாசுக் கம்பெனி ஆளா நீங்க?"

இல்லை என்றேன். அவர் நம்பவில்லை.