பலெர்மோவில் நான் ஓட்டிய கார்

பரிஸின் லாசப்பல் கடைத்தெருவில் இரட்டை வரிசையில் வாகனத்தை நிறுத்தி வெங்காய மூட்டை இறக்குகிறவர்களோடு நான் சண்டை பிடிக்காத நாள் குறைவு. நானும் அந்தக் கடைகளுக்கு மரக்கறி கொண்டுவந்து இறக்குகிறவன்தான். ஆனால் இருபத்திரண்டு வருடத்தில் என் பெர்மியில், அந்த ஓட்டுநர் உரிமத்தில், ஒரு புள்ளிகூடக் குறைந்ததில்லை. மஞ்சள் விளக்குக்கே நின்றுவிடுவேன். கடைக்காரர்கள் எனக்கு, பழைய பள்ளிக்கூட வாத்தியாரைப்போலச் சட்டம்பியார் என்று பட்டம் வைத்திருந்தார்கள். அதில் எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

அந்தத் தெருவில் கத்தரிக்காய்ப் பெட்டியோடு நின்றபோதுதான் இத்தாலியின் பலெர்மோவிலிருந்து தங்கையின் கணவன் அழைத்தான். காலையில் வேலைக்குப் போன தங்கையை, பாதசாரிகளுக்கான வெள்ளைக் கோட்டில் வீதியைக் கடக்கும்போது, ஒரு ஸ்கூட்டர் அடித்துவிட்டது. அந்த இடத்திலேயே போய்விட்டாள். எனக்கு இருந்த ஒரே சகோதரம் அவள்.

அம்மா என்னோடு பரிஸுக்கு வெளியே பொண்டியில் இருக்கிறார். கிழமைக்கு மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். சர்க்கரை வியாதி கண்ணையும் முக்கால்வாசி கொண்டுபோய்விட்டது. வருகிறேன் என்று அவர் அடம்பிடிக்கவில்லை. நான் புறப்படும்போது கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் போய்ப் பாத்தாலும் எனக்குத் தெரியாது. நீ வடிவாப் பாத்திட்டு வந்து சொல்லு. என்ரை பேராலை அவளின்ரை நெத்தியிலை சிலுவை போட்டுவிடு."

"ஓமம்மா" என்றேன்.

விமானம் பிந்தி, பத்து மணிக்குத்தான் இறங்கியது. ஆஸ்பத்திரிப் பிணவறையில் பதினொரு மணிக்குப் பெட்டியை மூடுவார்கள். அங்கே சுவரில் கட்டிய கல்லறைகளில் வைப்பதால் உள்ளே தகட்டை வைத்து ஈயம் உருக்கி ஒட்டிவிடுவார்கள். ஒட்டினால் பிறகு திறப்பதில்லை. இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் மச்சானின் சிநேகிதர். என்னைவிட நாலைந்து வயது இளையவர். அவர்தான் கார் கொண்டு வந்திருந்தார். அதன் இரண்டு பக்கமும் கீறல். ஒரு கண்ணாடியை டேப் போட்டு ஒட்டியிருந்தார்.

அவர் ஓட்டிய ஓட்டத்தை என்ன சொல்ல! இரண்டு கோடு போட்ட வீதியில் மூன்று வரிசை போனது. ஒரு கை ஸ்டியரிங்கில், மற்றக் கை என்னோடு பேசியது. இடப்பக்கமும் வலப்பக்கமும் ஸ்கூட்டர்கள் உரசிக்கொண்டு போயின. ஒன்றில் தகப்பனும் தாயும் நடுவில் குழந்தையும். கோட்டில் ஒரு கிழவி இறங்கினாள். இவர் நிற்கவில்லை, அவளும் நிற்கவில்லை. இவர் அவளைச் சுற்றி வளைத்துப் போனார். இப்படித்தானே என் தங்கையைக் கொன்றார்கள்!

"நிப்பாட்டும்!" என்று கத்தினேன். "என்ரை தங்கச்சியை அடிச்சுச் சாகடிச்சுப்போட்டாங்கள். நீரும் ஆரையேன் அடிக்கப் போறீரோ? திறப்பைத் தாரும், நான் ஓடுறன்."

பெட்ரோல் நிலையத்தில் ஒதுக்கினார். "அண்ணை, இஞ்சை நிண்டா நிண்டதுதான். காரின்ரை மூக்கை உள்ளை விட்டாத்தான் வழி விடுவாங்கள். பதினொரு மணிக்கு..." என்று இழுத்தார். சாவீட்டுக்காரனோடு வாதாட அவருக்கு மனம் வரவில்லை. திறப்பைத் தந்துவிட்டார்.

நான் பரிஸில் ஓட்டுவதைப்போல ஓட்டினேன். வேகப் பலகை சொன்னதற்கு மேலே ஒரு கிலோமீட்டர் போகவில்லை. கோட்டில் கால் வைத்த அத்தனை பேருக்கும் நின்றேன். அவர்கள் நான் ஏன் நிற்கிறேன் என்று விளங்காமல் தாங்களும் நின்றார்கள். கடைசியில் ஒரு பெரிய வட்டச் சந்தி. உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவனுக்குத்தான் முதலிடம். இடைவெளி வரட்டும் என்று காத்திருந்தேன். இடைவெளி வரவேயில்லை. பின்னால் ஹோர்ன் ஊருக்கே கேட்டது. பதினொன்று தாண்டிவிட்டது. மச்சான் திரும்பத் திரும்ப அழைத்தான். "கையைக் காலைப் பிடிச்சு நிப்பாட்டி வைச்சிருக்கிறன் மச்சான், கெதியா வாங்கோ" என்றான். அப்போதும் நான் இறங்கி சிநேகிதரிடம் ஸ்டியரிங்கைக் கொடுக்கவில்லை. பிழை அவர்களுடையது, நான் ஏன் விட்டுக்கொடுக்கவேண்டும் என்ற வீம்பு.

பின்கார்க்காரன் ஒரு கிழவன், இறங்கி வந்து கைவிரல்களைக் குவித்து ஆட்டிக்கொண்டு ஏசினான். சிநேகிதர் அவனுக்கு ஏதோ இரண்டு சொல் சொன்னார். கிழவன் சட்டென்று அடங்கினான். நெஞ்சில் சிலுவை போட்டான். பிறகு நேரே சந்தியின் நடுவே நடந்துபோய் ஒரு கையைத் தூக்கினான். அத்தனை கார்களும், ஸ்கூட்டர்களும், ஒரு பஸ்ஸும் நின்றன. ஒருவன்கூட ஹோர்ன் அடிக்கவில்லை.

"செத்தவீடு எண்டு சொன்னனான்" என்றார் சிநேகிதர். "சொன்னா விடுவாங்கள், அண்ணை."

பிணவறை வாசலில் இறங்கும்போதே ஈயம் உருகும் மணம் வந்தது. மச்சான் சுவரோடு குந்தியிருந்தான். இருபது நிமிடம் காத்திருந்தார்களாம். அடுத்த பெட்டி வாசலில் நின்றதால் அதற்குமேல் முடியவில்லை. ஒட்டத் தொடங்கி எட்டு நிமிடம், தகடு சுற்றிவர ஒட்டியாகிவிட்டது. ஒட்டியவரிடம் திறக்கச் சொல்லிக் கெஞ்சினேன். அவர் நெஞ்சில் கையை வைத்து, முடியாது என்று தலையை ஆட்டினார். தகட்டில் சிலுவை போடக் கையை வைத்தேன். சுட்டது.

"முகத்திலை ஒரு கீறல்கூட இல்லை மச்சான்" என்று மச்சான் அழுதான். எங்கள் சாவீடுகளில் வீடியோ எடுக்காதவர் இல்லை. அவனுக்கோ அவளைப் படம் எடுக்க மனம் வரவில்லை.

பொண்டிக்குத் திரும்பியதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "பாத்தியோ?"

"ஓம்" என்றேன். வீம்பால் பார்க்காமல் விட்டேன் என்று அந்தக் கண் தெரியாத மனுசியிடம் எப்படிச் சொல்வது?

"எப்பிடிக் கிடந்தவள்?"

"நித்திரை கொள்ளுற மாதிரி. கையிலை செபமாலை. நெத்தியிலை சிலுவை போட்டனான்."

அத்தோடு முடியவில்லை. பக்கத்து ஊர்களான திரான்சியிலிருந்தும் செவ்ரானிலிருந்தும் துக்கம் விசாரிக்க வந்த ஒவ்வொருவரிடமும் அம்மா, "இவன் பாத்தவன், கேளுங்கோ" என்றார். நான் சொல்லச் சொல்லத் தங்கையின் முகம் நிறைந்தது. ஒருநாள் உதட்டில் மெல்லிய சிரிப்பு வந்தது. இன்னொரு நாள் தலையை வலப்பக்கம் வகிடெடுத்து வாரியிருந்தார்கள். முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னால் அம்மா உடனே திருத்தினார். அவருக்கு எல்லாம் பாடம்.

லாசப்பல்லில் இப்போது நான் யாரோடும் சண்டைக்குப் போவதில்லை. இரட்டை வரிசையில் நிற்பவர்கள் நிற்கட்டும். என்னை அரிப்பது வேறு. என் தங்கையோடு முப்பது வருடம் ஒரே பாயில் சாப்பிட்டு, சண்டைபிடித்து, சிரித்திருக்கிறேன். கண்ணை மூடி அவளை நினைத்தால் அந்த முகம் வருவதில்லை. வலப்பக்கம் வகிடெடுத்து, மெல்லச் சிரித்துக்கொண்டு, நான் சொன்ன பொய் வந்து படுத்துக்கிடக்கிறது.