மடியில ஒரு ஒம்போது மாசம்

எங்க வூட்ல யாரும் இந்தப் பக்கம் வர்றதில்ல. அந்த தைரியத்துல எழுதறேன்.

வேலை போயி பத்து நாளாவுது. வூட்ல இன்னும் சொல்லல. காலைல டிபன் பாக்ஸோட கெளம்பி, ஏதாவது ஒரு பஸ்ல ஏறி உக்காந்துக்கறேன். இன்னிக்கு செங்கல்பட்டுலேர்ந்து மாமல்லபுரம்.

திருக்கழுக்குன்றத்துல கூட்டம் ஏறுச்சு. நின்னுகினு இருந்த ஒரு பொண்ணு, "அண்ணா, கொஞ்சம் பாப்பாவ வச்சிக்கோங்க"ன்னு எம் மடியில குடுத்துச்சு.

"எத்தினி மாசம்?"

"ஒம்போதுண்ணா."

பாப்பா என்னைப் பாத்துச்சு. ஒதடு பிதுங்குச்சு. ஆனா அழறதுக்கு முன்னாடி திரும்பி அம்மா மூஞ்சியப் பாத்துச்சு. அம்மா சிரிச்சாங்க. சரி, இந்தாளு பரவால்லன்னு முடிவு பண்ண மாதிரி அமைதியாயிடுச்சு.

அப்புறம் எம் மூஞ்சியையே பாத்துகினு இருந்துச்சு. கண்ணே சிமிட்டல. எனக்கு எங்க பாக்கறதுன்னே தெரியல. தெனமும் சாயங்காலம் வூட்டுக்குள்ள நுழையறப்ப சிரிப்பேனே, அதே சிரிப்பு சிரிச்சேன்.

வீல்னு ஒரே அழுகை.

"புது மூஞ்சில்ல, அதான். தப்பா நெனைக்காதீங்கண்ணா"ன்னு அந்தப் பொண்ணு பாப்பாவ வாங்கிக்கிச்சு.

புது மூஞ்சியா இருந்தப்ப அழலயே. சிரிச்சப்புறந்தான அழுதுச்சு.

அந்தச் சிரிப்பத்தான் வூட்ல மூணு பேரும் பத்து நாளா நம்பிகினு கீறாங்க. நல்லவேளை, ஒருத்தருக்கும் ஒம்போது மாசமில்ல.