டீக்கடை மேல் போய் உட்கார்ந்த கூரை

1. சர்வேயர் என்று சொல்லாதீர்கள்

லைசென்ஸ் வாங்கி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. அதுவரை நான் பார்த்த க்ளெய்ம்கள் கடை ஷட்டர், லாரிக் கண்ணாடி, ஒரு தடவை பாதி எரிந்த பஞ்சு மூட்டை. இப்படி இருக்கும்போதுதான் கார்த்திகை மாதத்தில் கொடைக்கானல் பக்கம் பெரிய புயல் அடித்தது. மலைக்குப் போக வேண்டியவர் என் சீனியர். கொண்டை ஊசி வளைவில் ஏறினால் தனக்கு வாந்தி வரும் என்று சொல்லி, பதினோரு ஃபைலையும் என் மேஜைக்குத் தள்ளிவிட்டார்.

புயல் ஓய்ந்த நான்காம் நாள் வத்தலக்குண்டில் முதல் பஸ் பிடித்தேன். வட்டக்கானலில் இறங்கி, வழி கேட்பதற்காக ஒருவரிடம் இன்சூரன்ஸ் சர்வேயர் என்று சொன்னதுதான் தவறு. முதல் வார்த்தையை அவர் காதில் வாங்கவில்லை. வீட்டுக்குள் போய்ப் பட்டாவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். தம்பிக்காரன் வேலியை ஓரடி தள்ளிப் போட்டிருக்கிறானாம். நான் நிலம் அளக்க வரவில்லை, புயலில் சேதமான வீட்டுக்கு எவ்வளவு பணம் தரலாம் என்று கணக்குப் பார்க்க வந்திருக்கிறேன் என்று விளக்கினேன். அவர் பட்டாவை மடித்துக்கொண்டே, வேலிக்கு இன்சூரன்ஸ் உண்டா என்று கேட்டார்.

2. மேரி அக்கா வீடு

ஃபைலில் முதல் பெயர் மேரி அக்காவுடையது. மூன்று அறைகளை டூரிஸ்டுகளுக்கு வாடகைக்கு விட்டு, தனியாளாக நடத்திவந்தார். வீட்டைக் கட்ட லோன் கொடுத்த பேங்க், கட்டாயப்படுத்தி இன்சூரன்ஸும் எடுக்க வைத்திருந்தது. அந்த பாலிசி எதற்கு என்றே புயல் வரும்வரை அவருக்குத் தெரியாது.

நான் போனபோது அவர் வீட்டுக்குள் குடை பிடித்துக்கொண்டு நின்றார். நான்கு சுவர்கள் இருந்தன. கதவு, ஜன்னல், கட்டில், சுவரில் மாட்டிய மாதா படம், எல்லாம் இருந்தன. கூரை மட்டும் இல்லை. சமையலறைக்கு மட்டும் கான்கிரீட் போட்டிருந்ததால், நான்கு நாளாக அதற்குள் படுத்துக்கொண்டிருந்தார்.

உடைந்த தகரத்தைப் பார்க்க வேண்டும், எங்கே குவித்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"ஒடையலையே மேடம். அந்தா கீழ பாருங்க, ரஹீம் பாய் கடை மேல உக்காந்திருக்கு."

எட்டிப் பார்த்தேன். சரிவில் நாற்பதடி கீழே ஒரு டீக்கடை. அதன் மேல் பச்சை நிறத்தில் பளபளவென்று ஒரு கூரை. தகரத்தை இரும்புப் பைப் சட்டத்தில் ஸ்க்ரூ போட்டு முறுக்கி, அந்தச் சட்டத்தைச் சுவரில் சின்னச் சின்ன போல்ட்டுகளால் பிடித்திருந்தார்கள். காற்று அதைச் சட்டியின் மூடியைத் திறப்பது போல முழுசாகத் தூக்கி, சரிவில் இறக்கி, டீக்கடை மேல் வைத்துவிட்டது. டீக்கடையின் பழைய ஓலைக் கூரை அதற்குச் சற்று முன்புதான் பள்ளத்தில் போய் விழுந்திருந்தது. கடையில் அப்போது யாரும் இல்லை. மறுநாள் வெள்ளனே வந்த ரஹீம் பாய், கடை முன்பைவிட நன்றாக இருப்பதைப் பார்த்து, கம்பியால் நான்கு மூலையையும் இழுத்துக் கட்டிவிட்டு அடுப்பைப் பற்ற வைத்திருக்கிறார்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. வட்டக்கானலில் பல வீடுகள் ரோட்டுக்குக் கீழே இருக்கும். மேலேயிருந்து பார்ப்பவர்களுக்குக் கூரைதான் தெரியும். அதனால் மேரி அக்கா கூரை மேலேயே வெள்ளைப் பெயிண்டில், ஆள் உயர எழுத்தில், 'ரூம் உண்டு' என்று எழுதி வைத்திருந்தார். நான் டேப் பிடித்துக்கொண்டிருந்தபோதே பைகளோடு இரண்டு பேர் டீக்கடைக்கு இறங்கி வந்து ரூம் கேட்டார்கள்.

பாய் டீ ஆற்றிக்கொண்டே, "ரூம் மேல இருக்கு தம்பி. கூரைதான் இங்க கெடக்கு" என்றார்.

கூரையோடு அக்காவின் டிவி டிஷ்ஷும் வந்திருந்தது. பாய் அதில் தன் டிவியை மாட்டியிருந்தார். ரீசார்ஜ் பண்ணுவது நான், கிரிக்கெட் பார்ப்பது அவர் என்று அக்கா என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

3. நான் எழுதிய நேர்மையான ரிப்போர்ட்

பாய் மோசமானவர் இல்லை. நான் ஏறி எடுக்கவில்லை, அதுவாக வந்தது, அக்கா கேட்டால் இன்றைக்கே கொடுத்துவிடுகிறேன், ஆனால் இறக்க ஆள்கூலி என்னிடம் இல்லை என்றார். லோக்கல் கான்ட்ராக்டரைக் கூப்பிட்டு விலை கேட்டோம். கூரையை வெட்டி, சரிவில் தலைச்சுமையாக ஏற்றி, மறுபடி பொருத்துவதற்கு, புதுக் கூரை போடுவதைவிட அதிகம் கேட்டார். புதுசு போடுவதென்றாலும் பாதிப் பணம் முன்னால் வேண்டும், இல்லாவிட்டால் ஏணியைக் கூடச் சாய்க்க மாட்டேன் என்றார். கம்பெனியோ வேலை முடித்து பில் வந்த பிறகுதான் பணம் தரும். கிறிஸ்துமஸ் லீவுக்கு மூன்று அறையும் புக் ஆகியிருந்தது. அக்கா வாங்கிய அட்வான்ஸ், கட்டில்களை மூடிய தார்ப்பாய்க்கும் புது மெத்தைக்கும் போய்விட்டது.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ஊருக்குத் திரும்பி ரிப்போர்ட் எழுதினேன். அதன் முதல் வரி இன்றும் எனக்கு மனப்பாடம். 'பாலிசிதாரரின் கூரை சேதமடையவில்லை. நல்ல நிலையில், நாற்பது அடி கீழே உள்ள டீக்கடையின் மேல் உள்ளது.' ஆறு போட்டோவும் இணைத்தேன். இவ்வளவு தெளிவான ரிப்போர்ட்டை யார் எழுதுவார்கள் என்று எனக்கே பெருமையாக இருந்தது.

மூன்றாம் நாள் மதுரையிலிருந்து கம்பெனி மேனேஜர் போன் செய்தார்.

"கூரைக்கு ஒண்ணும் ஆகலேன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. ஒண்ணும் ஆகாததுக்கு எதுக்கும்மா பணம்?"

வேண்டுமானால் தூக்கிப்போகும் கூலியில் ஒரு பகுதி தரலாம், இல்லாவிட்டால் ஃபைலை மூடிவிடுங்கள் என்றார். அதை நேரில்தான் சொல்ல வேண்டும் என்று மறுபடி மலை ஏறினேன். மேரி அக்கா கீழே டீக்கடையைக் காட்டினார்.

"அப்ப நான் பாய் கடையில கட்டில் போட்டுக்கிடவா மேடம்?"

புயல் செய்ததைவிட என்னுடைய ஒரு வரி அந்த வீட்டுக்கு அதிகம் செய்துவிட்டது என்று தோன்றியது. அங்கிருந்தே மேனேஜருக்குப் போன் போட்டு, ஒரே ஒரு தடவை நேரில் வந்து பாருங்கள் சார் என்று கெஞ்சினேன். அவர், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்தால் பரவாயில்லையா என்று கேட்டார்.

4. மேனேஜர் வீட்டு அம்மா

காரில் மேனேஜர், அவர் மனைவி, மாமியார். மூன்று பேருக்கும் வளைவில் தலை சுற்றியிருந்தது. இறங்கி டீக்கடைக்கு வந்து உட்கார்ந்ததும் மழை பிடித்துக்கொண்டது. மேனேஜர் அண்ணாந்து பார்த்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. தகரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, நல்ல கூரைதானே என்றார்.

அந்த நேரம் அவர் மனைவிக்கு அவசரமாகப் பாத்ரூம் போக வேண்டியிருந்தது. டீக்கடையில் ஏது பாத்ரூம்? பாய் மேலே கையைக் காட்டினார். மேரி அக்கா குடையோடு வந்து, அந்த அம்மாளைப் படியேற்றிக் கூட்டிப்போனார்.

பத்து நிமிடம் கழித்து அவர் திரும்பி வந்தபோது பட்டுப்புடவை காலோடு ஒட்டியிருந்தது. தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கணவருக்கு எதிரே வந்து நின்றார்.

"அங்க பாத்ரூம் இருக்கு. கதவு இருக்கு, தாப்பா இருக்கு. மேல வானம்தான் இருக்கு. உள்ள ஒரு கையில குடையப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டு வந்திருக்கேன். இந்த வீட்டுக்கு ஒண்ணும் ஆகலேன்னு எழுதுனது யாரு?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் மேனேஜரைப் பார்த்தேன். மாமியார் இருவரையும் பார்த்தார்.

மேனேஜர் மெதுவாக பாலிசி காப்பியைக் கேட்டு வாங்கிக் கண்ணாடி போட்டுப் படித்தார். இரண்டாம் பக்கத்தில் நிறுத்தினார். இன்சூர் செய்திருப்பது வீட்டை, கூரையைத் தனியாக இல்லை. கூரை எங்கே போனால் என்ன, வீடு சேதம்தானே என்று எனக்குச் சொல்வது போல மனைவிக்குச் சொன்னார். ரிப்போர்ட்டை மாற்றி எழுதுங்கள் என்றார்.

அந்த பெஞ்சிலேயே எழுதினேன். வீடு கூரையை இழந்தது. பழையதை மீட்கும் செலவு புதுசைவிட அதிகம். பழைய கூரையை சால்வேஜ், அதாவது மிச்சப் பொருள் என்று விலை போட்டு, க்ளெய்மில் கழித்துக்கொள்ளலாம்; அந்த விலையை பாய் அக்காவிடம் கொடுத்துவிட்டுக் கூரையை வைத்துக்கொள்ளலாம். பாய் சம்மதித்தார். ஆனால் எழுத்தை அழிக்கும் பெயிண்ட் செலவை அதில் குறைக்க வேண்டும் என்று நின்றார். குறைத்தோம். கடைசியாக, முழு பில்லுக்குக் காத்திருக்காமல் எஸ்டிமேட்டில் பாதியை முன்கூட்டியே கொடுக்கலாம் என்று ஒரு பத்தி சேர்த்தேன். அப்படி ஒரு வழி இருக்கிறது என்பது அன்றைக்கு மேனேஜர் சொல்லித்தான் எனக்கே தெரியும். முதலிலேயே அவரிடம் அதைக் கேட்டிருந்தால் இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும்.

அந்த வாரமே பணம் வந்தது, கான்ட்ராக்டர் ஏணியைச் சாய்த்தார். கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு புதுக் கூரை முடிந்தது. டிஷ்ஷைத் திருப்பிக் கொடுக்கும்போது பாய் கொஞ்சம் வருத்தப்பட்டார். பண்டிகை முடிந்ததும் மேரி அக்கா ஒரு பெரிய பெட்டி கேக் மதுரைக்கு அனுப்பினார். மேனேஜருக்கு இல்லை, எனக்கும் இல்லை. அவர் மனைவி பெயருக்கு.

இப்போது என்னிடம் இரண்டு ஜூனியர்கள் வேலை கற்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எது உடைந்தது, எது பறந்தது என்பதெல்லாம் பின்னால் எழுதலாம். இந்த வீட்டில் இன்றைக்கு மனிதர்கள் இருக்க முடியுமா என்பது முதல் வரி. ரிப்பேரைத் தொடங்க எவ்வளவு பணம், எந்தத் தேதிக்குள் வேண்டும் என்பது இரண்டாவது வரி. மேலே இருப்பவர்கள் பெரும்பாலும் அதற்குமேல் படிப்பதில்லை.