நாளைக்கு சாருக்கு வந்த போன்

என் அக்காவின் கணவர், நான் அத்தான் என்று கூப்பிடுபவர், நகராட்சியில் பிறப்பு இறப்புச் சான்றிதழ் கவுண்டரில் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்திருந்தார். பெயரைச் சொல்லி விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. ‘நாளைக்கு சார் வீடு’ என்றால் கையைப் பிடித்துக் கூட்டி வந்து விடுவார்கள். பிறந்தவரும் இறந்தவரும் அவருக்கு ஒன்றுதான், இருவருக்கும் ஒரே பதில்: “நாளைக்கு வாங்க.” ஆள் கெட்டவர் இல்லை. ஒரு பைசா கை நீட்டி வாங்கியதில்லை. வந்த அன்றே முடித்துக் கொடுத்தால் வேலைக்கு மரியாதை போய்விடும் என்று மனதார நம்பினார், அவ்வளவுதான். என் கல்யாணப் பத்திரிகையை நீட்டியபோதுகூட, “வச்சிட்டுப் போங்க மாப்ளே, பாக்கறேன்” என்றார்.

எனக்குச் செல்போன் ரிப்பேர் கடை. போனில் பணத்தைத் தொலைத்தவர்கள் முதலில் என் கடைக்குத்தான் வருவார்கள், ஏதோ போன்தான் பழுது என்பது மாதிரி. அதனால் அத்தான் ஓய்வு பெற்றுப் புதுப் போன் வாங்கிய அன்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அவர் கணக்கில் இருந்ததெல்லாம் அக்காவின் இரண்டு கண்ணுக்கும் புரை ஆபரேஷன் செய்ய வைத்திருந்த பணம். ஆஸ்பத்திரியில் தேதியும் வாங்கியாகிவிட்டது.

ஆனால் முதல் மாதத்திலேயே என் பயம் வீண் என்று தெரிந்தது. “இன்னும் ஒரு மணி நேரத்துல உங்க கரண்ட் கட்டாயிடும் சார்” என்று ஒருவன் பதறினான். அத்தான் பதறவில்லை. “எழுத்துல குடுங்க, பரிசீலிக்கிறோம்” என்று வைத்துவிட்டார். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப் பொருள் இருக்கிறது என்று மிரட்டியவனிடம், முகப்புக் கடிதம் இருக்கிறதா என்று கேட்டார். அவன் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் போனான்.

மின்னஞ்சல் கதை இன்னும் விசேஷம். வெளிநாட்டில் ஒரு கோடீஸ்வரர் வாரிசில்லாமல் செத்துப் போய், அவர் சொத்து முழுவதும் அத்தானைத் தேடி வந்தது. அத்தான் இறப்புச் சான்றிதழ் மூன்று நகல் கேட்டார். அதை எழுதிய மகானுபாவன் எதையோ தயாரித்து அனுப்பவும் செய்தான். முத்திரை இடது பக்கம் இருப்பதாகத் திருப்பி அனுப்பினார் அத்தான். மூன்றாவது கடிதத்தோடு அவன் எழுதுவதையே நிறுத்திவிட்டான், கோடீஸ்வரர் செத்த செய்தியே வாபஸ் ஆனது போல.

என் கடைக்கு வருகிறவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன். இந்தத் திருடர்களின் முதலீடே நம்முடைய அவசரம்தான். யோசிக்க விடாமல் விரட்டுவார்கள். அத்தானை விரட்ட அவர் மேலதிகாரிகள் ஒன்பது பேராலேயே முடியவில்லை. இப்படிச் சிரித்ததற்குப் பிறகு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஏனென்றால் அடுத்து வந்தவன் விரட்டவில்லை.

“ஓய்வூதியப் பிரிவுலேர்ந்து பேசறேன். உங்க நிலுவைத் தொகை கோப்பு என் மேஜைக்கு வந்திருக்கு” என்றான். அத்தான் வழக்கம் போல எழுத்தில் கேட்டார். “எழுத்துலதான் வரும். ஆனா இன்னைக்கு முடியாது. அடுத்த செவ்வாய்க்கிழமை கூப்பிடுங்க.”

அத்தான் போனை வைத்துவிட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “நம்ம ஆளு” என்றாராம் அக்காவிடம்.

செவ்வாய்க்கிழமை கூப்பிட்டார். கண்காணிப்பாளர் விடுப்பு. வியாழன் கூப்பிட்டார். படிவம் பழசு, புதுப் படிவத்தில் எழுத வேண்டும். வங்கிக் கணக்கு, கார்டு எண்ணெல்லாம் எழுதி, படம் பிடித்து அனுப்பினார். மூன்றாவது பக்கத்தில் கையெழுத்து விட்டுப் போயிருக்கிறது. அவன் திருப்பி அனுப்ப அனுப்ப அத்தானுக்கு நம்பிக்கை கூடியது. மூன்று வாரம் அலைக்கழித்த பிறகு ஒரு முற்பகலில் அவன் அலுத்துக்கொண்டான்: “சரி, வயசானவர் அலையறீங்க. ஒரு நம்பர் வரும், சொல்லுங்க, கோப்பை முடிச்சிடறேன்.”

நம்பர் வந்தது. யாரிடமும் சொல்லாதீர்கள் என்ற வரியும் கூடவே வந்தது. அத்தான் அதை வாய்விட்டே படித்தார். அது பொதுமக்களுக்கான வாசகம், அலுவலர்களுக்கு இடையே பொருந்தாது என்று முடிவு செய்து ஆறு இலக்கத்தையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

சமையலறையிலிருந்து கண்ணைக் கசக்கியபடி வந்த அக்கா கேட்டது ஒன்றுதான். “ஏங்க, முதல்ல யாரு கூப்பிட்டா? நீங்களா, அவனா?”

“அவர்தான்.”

“முப்பத்தோரு வருஷத்துல நீங்க யாரையாவது வீடு தேடிக் கூப்பிட்டு, உன் வேலை முடியப் போகுதுன்னு சொன்னதுண்டா?”

அத்தான் கையிலிருந்த போனைத் திருப்பிப் பார்த்தார். அதற்குள் முதல் தொகை போய்விட்டதாகச் செய்தி வந்தது. அக்கா எனக்குப் போன் செய்தாள். நான் வங்கியின் அவசர எண்ணைப் பிடித்தேன். அது பாட்டுப் பாடிக்கொண்டே இருந்தது. கடையை அப்படியே போட்டுவிட்டு, இருவரையும் ஆட்டோவில் ஏற்றித் தெருமுனை வங்கிக் கிளைக்கே ஓடினேன்.

கவுண்டரில் இருந்த பெண் நிமிரவே இல்லை. “புகார் படிவம் ரெண்டு நகல். மேனேஜர் சாப்பிடப் போயிருக்கார். நாளைக்கு வாங்க.”

அத்தான் இருந்த இடத்திலேயே நின்றார். அந்த வார்த்தையைக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று அவர் கேட்டதே இல்லை. எனக்கு வந்த கோபத்தில் அவரை அறைவதா அந்தப் பெண்ணை அறைவதா என்று புரியவில்லை. அக்காதான் தடவித் தடவி முன்னால் வந்து, அந்தப் பெண் மூடப்போன கவுண்டர் கண்ணாடிக் கதவுக்குள் கையை நுழைத்து வைத்துக்கொண்டாள்.

“மூடணும்னா என் கைமேல மூடும்மா. நாளைக்கு இதுல ஒண்ணும் இருக்காது. முதல்ல கணக்கை நிறுத்து, படிவத்தை அப்புறம் எழுதறோம்.”

அந்தப் பெண் கையைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள். பிறகு நாலு பொத்தானைத் தட்டினாள். அவ்வளவுதான் வேலை, ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. போனது போனதுதான். மிஞ்சியது ஒரு கண்ணுக்குச் சரியாக இருந்தது.

வலது கண்ணுக்குச் செய்தார்கள். கட்டுப் பிரித்த அன்று அக்கா முதலில் அத்தானைத்தான் பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள்.

“நல்லாத் தெரியுதா?” என்றார் அத்தான்.

“தெரியுது.”

“அப்ப, அந்தக் கண்ணு?”

“நாளைக்குப் பாத்துக்கலாம்” என்றாள் அக்கா. குரலில் கோபம் துளியும் இல்லை. அத்தான் பக்கத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். நர்ஸ் வந்து கிளம்பச் சொல்லும்வரை எழுந்திருக்கவில்லை.