கால் மணிக்குப் பதினெட்டு சுற்று

"ஒம்பது... பத்து... எவன் அவன் ஃபேனைப் போட்டது? நிறுத்துய்யா!"

ஆவடி மார்க்கெட்டில் வரதனின் ஃப்ரிட்ஜ் கடை இருண்டு கிடந்தால் கரண்ட் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். உள்ளே தாட்சாயிணி அக்கா ஸ்டூல்மேல் ஏறி நிற்கிறார் என்று பொருள். ஒரே ஒரு ஃப்ரிட்ஜ் மட்டும் ஓடும். மீட்டருக்குள் சுழலும் சக்கரத்தின் சிவப்புக் கோடு எத்தனை தடவை வந்துபோகிறது என்று அக்கா கண்கொட்டாமல் எண்ணுவார். கால் மணி நேரம். சுற்று குறைந்தால் கரண்ட் பில்லும் குறையும். வாங்க வந்தவர்கள் அதுவரை வேர்த்து வழிய வேண்டியதுதான்.

இந்த வித்தை பிறந்தது பட்டாபிராமில், அக்காவின் வாடகை வீட்டில். மூன்று குடித்தனத்துக்கும் ஒரே மீட்டர். "உன் இஸ்திரிப் பொட்டிதாம்மா கரண்ட்ட துன்னுது" என்று வீட்டுக்காரர் ஒருநாள் சொல்லித் தொலைத்துவிட்டார். விடுவாரா அக்கா? ஒரு வாரம் மீட்டரடியிலேயே குடியிருந்து, தின்றது வீட்டுக்காரரின் தண்ணீர் மோட்டார்தான் என்று நிரூபித்த பிறகுதான் அக்காவுக்குச் சோறு இறங்கியது.

அப்புறம் தெருவில் யார் ஃப்ரிட்ஜ் வாங்கினாலும் அக்காதான் துணை. வரதன் முதலில் எரிந்து விழுந்தார். "யக்கா, இது இன்னா கடையா, ஸ்கூலா? ஒண்ணு ரெண்டு எண்ணிகினு கீறே!" அக்கா முப்பது சுற்று என்று சொன்ன பச்சை ஃப்ரிட்ஜைச் சீண்ட ஆளில்லாமல் போனபோதுதான் அவருக்கு உறைத்தது. முந்நூறு ரூபாய் குறைத்துத்தான் அதைத் தள்ளிவிட்டார். ஆனாலும் வியாபாரியாயிற்றே! மறுவாரமே எல்லா ஃப்ரிட்ஜ் நெற்றியிலும் ஓர் அட்டை தொங்கியது: 'தாட்சாயிணி அக்கா எண்ணியது. கால் மணிக்கு இத்தனை சுற்று.'

சுற்று குறையக் குறைய விலை ஏறியது. பதினெட்டு சுற்று என்று பெயரெடுத்த சின்ன வெள்ளை ஃப்ரிட்ஜ் ஏழாயிரத்திலிருந்து ஏழாயிரத்து ஐந்நூறுக்குப் போய்விட்டது. கொடுமை என்னவென்றால், அக்கா வீட்டில் ஃப்ரிட்ஜ் கிடையாது. இரண்டு வருஷம் சீட்டுக் கட்டி அவர் ஏழாயிரம் எடுத்ததே அந்த வெள்ளைக்காகத்தான்.

போன சனிக்கிழமை கணவர் உத்தமனோடு அக்கா கடைக்குப் போனார். பக்கத்துக் குடித்தனக்காரனான நானும் ஒட்டிக்கொண்டேன். வந்த சரக்கில் வெள்ளை ஒன்றே ஒன்றுதான். பழைய அட்டை புதுச் சரக்குக்குச் செல்லாது, மறுபடி எண்ணியாக வேண்டும் என்பது அக்காவின் சட்டம். குவார்ட்டர்ஸிலிருந்து வந்த பத்மா என்ற பெண், பதினெட்டு வந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று பணத்தோடு காத்திருந்தாள்.

"அக்காவுக்காவது பழைய விலைக்குக் கொடேன்யா" என்றேன்.

"ஒருத்தருக்குக் கொறச்சா அல்லாருக்கும் கொறைக்கணும் சார். சுத்து ஏறிச்சின்னா வெல தானா எறங்கும்" என்றார் வரதன்.

உத்தமன் அதை நன்றாகக் கேட்டுக்கொண்டார். கடை இருண்டதும் ஸ்டூலைப் பிடிப்பதுபோல நெருங்கிக் கிசுகிசுத்தார்: "தாட்சு, இருவத்தஞ்சுன்னு சொல்லிடு. எவனுக்குத் தெரியப் போவுது? ஊட்டுக்குத் தூக்கினு பூடலாம்." அக்கா சிவப்புக் கோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எனக்கோ, சொல்லித்தான் தொலையேன் தாயே என்றிருந்தது.

கால் மணி முடிந்தது. அக்கா ஸ்டூலிலிருந்து இறங்கவில்லை.

"இருவது..." என்று இழுத்தார். உத்தமனின் முகம் மலர்ந்தது.

"இருவதுகூட இல்லப்பா. பதினெட்டுதான்."

"அப்ப எனக்குத்தான்!" என்று பத்மா பாய்ந்து வந்து ஃப்ரிட்ஜின் மேல் கையை வைத்தாள். உத்தமன் தலையில் அடித்துக்கொண்டு வெளியே போனார்.

அக்கா மெல்ல இறங்கினார். ஃப்ரிட்ஜைத் திறந்து, அந்தக் குளிருக்குள் முகத்தை நீட்டி, கண்ணை மூடியபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கதவைச் சாத்திப் பூட்டி, அதில் படிந்திருந்த தன் விரல் தடத்தை முந்தானையால் துடைத்துவிட்டு, சாவியைப் பத்மாவின் கையில் வைத்தார்.