வட்டக்கச்சியில் நிற்கும் கணினி, வவுனியாவில் தேடிய உதவி

வட்டக்கச்சியில் நாங்கள் வகுப்பு நடத்தும் கொட்டிலில் லினக்ஸ் இயங்குதளம் போட்ட இரண்டு கணினிகளும் மூன்று நாளாக இயங்கவில்லை. திங்கட்கிழமை பிள்ளைகள் வந்துவிடுவார்கள். அங்கே இணையம் இல்லை. திரையில் வந்த பிழைச்செய்தியைக் கொப்பித்தாளில் எழுதிக்கொண்டு இன்று வவுனியாவுக்கு பஸ் ஏறினேன்.

சோதனைச்சாவடியில் ஆமிக்காரர் அந்தத் தாளை வாங்கி, வரி வரியாக விரல் வைத்துப் பார்த்தார்.

"இது என்ன?"

"கொம்பியூட்டருக்குச் சுகமில்லை, சேர்."

அவர் சிரிக்கவில்லை.

நெட் கபேயில் அந்த லினக்ஸின் தளத்தைத் திறந்தேன். முகப்பில் 'எல்லோருக்கும்' என்று பெரிய எழுத்து. 'உதவி' என்ற சொல்லோ பக்கத்தின் அடியில், எறும்பளவில். அழுத்தினால் விக்கி வந்தது. விக்கி, பயனர்கள் கேள்வி கேட்கும் மன்றத்துக்கு அனுப்பியது. மன்றம் முதலில் பதிவு செய்யச் சொன்னது.

"ஒரு மணித்தியாலம் முடிஞ்சிட்டுது, தம்பி. சரிவந்திச்சா?" என்றார் கடைக்கார நானா.

"எங்க கேக்கிறதெண்டே இப்பதான் கண்டுபிடிச்சனான், நானா."

கேள்வியைப் போட்டேன். ஒருவர் பதில் எழுதினார்: "முதலில் தேடிப் பார்த்தீர்களா? அந்தக் கணினியில் இந்தக் கட்டளையை இயக்கி, வருவதை இங்கே ஒட்டுங்கள்."

அந்தக் கணினி சாவடிக்கு அப்பால் நிற்கிறது. ஒட்டுவதற்கு இன்னொரு நாள், இன்னொரு பஸ், இன்னொரு சோதனை வேண்டும். வீட்டில் இணையம் உள்ளவர்களுக்காகக் கட்டிய தளத்தில் 'எல்லோருக்கும்' என்று எழுத வெட்கமாக இல்லையா?

பிழைச்செய்தியை இந்தப் பதிவின் கீழ் முதல் பின்னூட்டமாகப் போட்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் மாலை பஸ்ஸுக்கு முன் சொல்லுங்கள். இதுவரை அதை முழுதாக வாசித்தவர் அந்த ஆமிக்காரர் மட்டும்தான்.