கைப்பிடியில் தொங்கிய பலகை

நெரேயாவை வீட்டைவிட்டுத் துரத்தப் பார்த்தார்கள். திருடினாளா, குடித்துவிட்டுக் கூச்சல் போட்டாளா? இல்லை. சனிக்கிழமை மாடிப்படியைக் கூட்டவில்லையாம்! நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவள் ஸ்பெயினில் பில்பாவோ ஊர்க்காரி. பழைய கட்டடங்களைப் பற்றிப் படிக்க, ஜெர்மனியில் எங்கள் நெக்கார் ஆற்றங்கரை ஊருக்கு வந்து, என் தலைக்கு மேல் அறையில் குடியிருந்தாள். வெள்ளி வரை வகுப்பு. சனிக்கிழமை காலையில் ரயில் ஏறிவிடுவாள். மதில் சூழ்ந்த ஊர், குன்றுமேல் இடிந்த கோட்டை, ஆடு மேயும் மேட்டுநிலம், எதையும் விடமாட்டாள். ஒரு பிரெட்செல் ரொட்டியைக் கடித்துக்கொண்டு நாளெல்லாம் நடப்பாள். திரும்பி வந்ததும் சேறும் காலுறையுமாக என் சமையலறையில் உட்கார்ந்துவிடுவாள்.

"கோபுரப் படியெல்லாம் ஒரே பக்கம் தேஞ்சிருக்கு ஹில்ட்ரூட். எத்தனை தலைமுறை சுவரைப் பிடிச்சுக்கிட்டே ஏறியிருக்கு பாருங்க!"

பிறந்ததிலிருந்து இங்கேயே இருக்கிற நான் ஒருநாளும் ஒரு படியைக் குனிந்து பார்த்ததில்லை.

எங்கள் வீட்டில் படி கூட்டுவது வாரம் ஒரு குடித்தனத்தின் முறை. யார் முறையோ அவர் கதவுக் கைப்பிடியில் ஒரு மரப்பலகை தொங்கும். சனிக்கிழமை கூட்டித் துடைப்பதுதான் வழக்கம்; முடித்ததும் அதை அடுத்த கதவில் மாட்ட வேண்டும். நெரேயா தன் முறையில், நாங்களெல்லாம் வெளியே போயிருந்த வியாழக்கிழமையே துடைத்து முடித்துவிட்டாள். வேலையிலிருந்து வந்த நான் அந்த ஈரத்தில் வழுக்கி விழப் பார்த்தேன். அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கீழ்வீட்டு கௌகல் அம்மாளுக்கு வேண்டியிருந்தது. "சனிக்கிழமை அவ கையில துடைப்பத்தை யாராவது பாத்தீங்களா? ஊர் சுத்தப் போயிட்டா மகராசி!" என்று வீட்டுக்காரர் பிளைடரரிடம் வத்தி வைத்தாள். இன்னொரு தடவை இப்படி நடந்தால் அறையைக் காலி செய்யவேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். தேர்வு நெருங்குகிற நேரத்தில் இந்த ஊரில் வேறு அறை எங்கே கிடைக்கும்?

நான் மல்லுக்கு நின்றேன். "படியில குப்பை இருந்துச்சா?"

"குப்பை பத்திப் பேச்சில்ல ஹில்ட்ரூட். கூட்டுறது நாலு பேர் கண்ணுல படணும்" என்றார் பிளைடரர்.

இது என்ன நியாயம்! ஞாயிற்றுக்கிழமை கூட்டினால் ஓய்வுநாளைக் கெடுத்தாள் என்பார்கள். வியாழக்கிழமை கூட்டினால் கூட்டவே இல்லை என்பார்கள். நான் கொதித்தேன். நெரேயாவோ, "சரி, அடுத்த முறை கண்ணுல படுறேன்" என்று தேநீரை உறிஞ்சினாள். அவள்மேலும் எனக்குக் கோபம் வந்தது.

அவள் முறை மறுபடியும் வந்தது. சனிக்கிழமை, தேவாலய மணி காலை ஆறு அடித்து ஓய்ந்ததும் வீட்டில் அத்தனை அழைப்பு மணிகளும் அலறின. முதுகில் பையும் கையில் துடைப்பமும் தகர வாளியுமாக நெரேயா நின்றாள்.

"கூட்டப் போறேன். எல்லாரும் வந்து பாருங்க!"

பிளைடரர் இரவு உடையில் ஓடிவந்தார். கௌகல் அம்மாள் தலை நிறைய முடி சுருட்டும் உருளைகளோடு வந்தாள். "விடியக்காலையில உனக்கு என்ன பைத்தியமா?"

"கண்ணுல படணும்னு சொன்னீங்களே. அப்படியே நில்லுங்க."

மேல்மாடியிலிருந்து ஒவ்வொரு படியாக, மூலைமுடுக்கு விடாமல் கூட்டிக்கொண்டு இறங்கினாள். பிளைடரர் நைசாக உள்ளே நழுவப் பார்த்தார்.

"போயிட்டா இது கணக்குல சேராதே, ஐயா!" என்று நான் கத்தினேன். மனிதர் வெறுங்காலைக் குளிரில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றார். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது மாதிரி இருந்தது.

கடைசிப் படியைத் துடைத்ததும் நெரேயா பலகையை கௌகல் அம்மாளின் கதவில் மாட்டினாள். "அடுத்த சனிக்கிழமை நான் எந்த ஊருக்கும் போகமாட்டேன் அம்மா. நீங்க கூட்டுறதைப் பாக்க இங்கேயே நிப்பேன்" என்று சொல்லிவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடினாள்.

அறையைக் காலி செய்யும் பேச்சை அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை. மறுவாரம், கௌகல் அம்மாளின் முறையில், நான் வேலை முடிந்து வந்தபோது படி ஈரமாக இருந்தது. பலகை என் கதவில் தொங்கியது. அன்றைக்கு வியாழக்கிழமை.